நாலு பேர் ரூம்

சாயங்காலம் ஆறரை மணி. ஏழாயிரம்பண்ணை ரோட்டுல இருந்து கெழக்க ஒரு மண் ரோடு பிரியும். ரெண்டு பக்கமும் கருவேலங்காடு. ஒரு லைட்டுக் கம்பம் கெடையாது. அந்த ரோட்டுல ஒரு கும்பல் பொம்பளைக ஓடி வாராக. ஒருத்தி கால்லயும் செருப்பு இல்ல. ஒருத்தி வாயில இருந்தும் சத்தம் இல்ல. காலு மண்ணுல அடிக்கிறது மட்டும் கேக்குது... தப்... தப்... தப்...

அவுகளுக்குப் பின்னால ஒரு சின்ன சர்ச்சு. அதுக்குள்ள ஒருத்தி மட்டும் பாக்கி...

ஏலே முனியராஜ், இப்பவே சிரிக்காத. நானா சொல்லுதேன்னு வந்தேன்? வேன் பஞ்சர். டிரைவரு ஸ்டெப்னி தேடிப் போயிட்டாரு. மழை வேற ஊத்துது. இந்த பஸ் ஸ்டாப்புக்குள்ள கோழி மாதிரி ஒடுங்கிக் கெடக்கோம். ஊரு ஒலகத்துக்கெல்லாம் பட்டாசு செஞ்சு லோடு ஏத்துதோம், நம்ம மடியில ஒரு தீக்குச்சி கெடையாது. கம்பெனி கேட்டுல தடவிப் பாத்துத்தான உள்ள விடுறாக. அதனால இருட்டுதான். இருட்டுல "பேச்சியக்கா, ஒரு பேய்க் கதை"ன்னு கேட்டது நீங்க. கேட்டா வாயப் பொத்திக்கிட்டுக் கேக்கணும். பயந்தாங்கொள்ளிக இப்பவே அந்தப் பக்கமாத் திரும்பிக்கோங்க.

இது எனக்கு நடந்ததில்ல. நம்ம ரோஜா இருக்காள்ல, விஸ்வநத்தத்துக்காரி, முன்னால நம்ம வேன்லதான் வருவா. அவளோட பெரியம்மா மக, சின்னத்தாய்னு பேரு. அவளுக்கு நடந்தது. சுனாமி வந்துச்சே, அதுக்கு மறு வருசம்.

சின்னத்தாய்க்கு ஒரு கூட்டாளி, அருளாயி. ரெண்டு பேரும் ஒரே கம்பெனி, ஒரே ரூமு. பூச்சட்டிப் பட்டாசுக்கு மருந்து அடைக்கிற வேல. பானு, நீ வேலைக்குப் புதுசு, நல்லாக் கேட்டுக்கோ. ஒரு ரூம்ல நாலு பேருதான் உக்காரணும். செவத்துலயே பெயிண்ட்டுல எழுதியிருக்கும். அஞ்சாவது ஆளு தண்ணி குடுக்கக்கூட உள்ள வரக் கூடாது. கதவச் சாத்தக் கூடாது. எல்லாத்துக்கும் பெரிய சட்டம் ஒண்ணு இருக்கு. திரி பத்துற மாதிரி ஸ்ஸ்ஸ்னு சத்தம் கேட்டா ஓடணும். யாரு, என்ன, எங்கனன்னு பாக்கக் கூடாது. பெத்த தாயே பக்கத்துல இருந்தாலும் திரும்பக் கூடாது. ஓடணும். நம்ம காலுக்கு அது ஊறிப் போச்சு. வீட்டுல குக்கரு சத்தம் போட்டாக்கூட நான் பாதி வாசலுக்குப் போயிருவேன். சிரிக்காதீக, உங்க காலும் அப்படித்தான்.

அந்த அருளாயிக்கு வலது முட்டியில வாதம். மடக்கி உக்கார முடியாது. ரூம் மூலையில கால நீட்டிக்கிட்டுத்தான் உக்காருவா. எந்திரிக்கணும்னா சின்னத்தாயப் பாத்துக் கைய நீட்டுவா. "கையக் குடுடி"ம்பா. இவ இழுத்து விடுவா. எந்திரிக்கும்போது அந்த முட்டி "டொக்"குன்னு ஒரு சத்தம் போடும். "உன் முட்டியில யாருடி சரவெடி வச்சா?"ன்னு சின்னத்தாய் கேலி பண்ணுவா. அவளும் சிரிப்பா. அப்படி ஒரு சேர்மானம்.

அருளாயி வேதக்காரி. சின்னத்தாய் நம்மள மாதிரி, பங்குனிக்கு மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறவ. ஆனா வெள்ளிக்கெழம சாயங்காலம் கம்பெனி பஸ்ஸ விட்டு எறங்குனா ரெண்டு பேரும் நேரா அந்தச் சர்ச்சுக்குத்தான் போவாக. அங்க ஒரு சிஸ்டரம்மா புதுசா ஒரு செபம் பழக்கி விட்டுருந்தாக. பிரசங்கம் கெடையாது. மேளம் கெடையாது, தாளம் கெடையாது. ஒரே ஒரு வரி. அதையே திரும்பத் திரும்பப் பாடணும். சத்தத்தக் கொறச்சுக் கொறச்சு... மூச்சோட மூச்சாப் போற வரைக்கும். அப்புறம் சும்மா இருக்கணும். ஒரு சொல்லு பேசக் கூடாது. சாமிகிட்ட அதக் குடு, இதக் குடுன்னு கேக்கக்கூடக் கூடாது. சும்மா, கூட இருக்கணும். அம்புட்டுதான்.

மொத வாரம் அந்தச் சிஸ்டரு ஆளுக்கொரு மெழுகுத்திரிய ஏத்திக் கையில குடுத்திருக்காக. ஆத்தாடி! வந்தவுக பூரா பட்டாசு வேலைக்குப் போறவுக, ஒருத்திகூட வாசப்படி தாண்டல. "சேல பூரா மருந்து ஒட்டிக் கெடக்கு, கையில நெருப்பக் குடுக்கீகளே, செபம் சொல்லவா எங்களுக்கு, இல்ல கொள்ளி வைக்கவா?"ன்னு சின்னத்தாய்தான் கேட்டிருக்கா. சிஸ்டரு பதறிப் போயி எல்லாத்தையும் ஊதி அணைச்சிருக்காக. அன்னைக்கு இருந்து அந்தச் சர்ச்சுல செபம் இருட்டுலதான். அந்த இருட்டுக்குன்னே அருளாயி ஒரு வரி கட்டுனா.

"இருட்டுல இருக்கீரு... எங்க கிட்டத்துல இருக்கீரு..."

அம்புட்டுதான் பாட்டு. மொதல்ல எல்லாரும் களுக்குன்னு சிரிச்சாகளாம். பெறகு பெறகு, அந்த நேரத்துக்காகவே வாரம் பூரா காத்துக் கெடப்பாகளாம். அருளாயி சொல்லுவாளாம், "கம்பெனில சும்மா இருன்னா வாயப் பொத்துறது. இங்கன சும்மா இருக்கிறது காதத் தொறக்கிறதுக்கு." ரோஜாவும் சின்னத்தாய் கூடப் போயிருக்கா. அந்த நேரத்துல செவத்துக் கடியாரம் கேக்குமாம், பல்லி கேக்குமாம், பக்கத்துல இருக்கவ மூச்சு கேக்குமாம். நாளெல்லாம் குனிஞ்ச முதுகு தானா நிமிந்துரும்னு சொன்னா.

ஆவணி மாசம். தீவாளி சீசன், ஆர்டர் தல மேல நிக்குது. மத்தியானச் சோத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு. ரூம்ல நாலு பேரும் உக்காந்து மருந்து அடைக்காக. அருளாயி அந்த ஒத்த வரிய முணுமுணுத்துக்கிட்டு இருக்கா. அப்ப...

ஸ்ஸ்ஸ்ஸ்...

எங்க இருந்து வந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. மூணு பேரு காலு ஓடிருச்சு. அருளாயி கைய நீட்டியிருக்கா. "சின்னத்தாயி... கையக் குடுடி..." சின்னத்தாய் காதுல விழுந்துச்சு. விழுந்தது நெசம். ஆனா காலு நிக்கல. வேப்பமரத்துக்கிட்ட போயித்தான் நின்னுச்சு. திரும்பிப் பாக்கும்போது ரூமு இல்ல.

"நீ செஞ்சது சரிதான், நின்னிருந்தா நீயும் போயிருப்ப"ன்னு எல்லாரும் சொன்னாக. போர்மேன் சொன்னாரு, போலீஸ்காரரு சொன்னாரு, அருளாயி புருசன் ராக்கப்பனே சொன்னாரு. அவளுக்கு மனசு ஆறல. சோறு எறங்கல. தூங்கும்போதும் வலது கைய மடக்கி மார்புல வச்சுக்கிட்டுத்தான் படுப்பாளாம்.

கம்பெனியப் பூட்டிட்டாக. சிஸ்டரையும் வேற ஊருக்கு மாத்திட்டாக. ஆனா வெள்ளிக்கெழமச் செபத்த இவுக விடல. அடக்கம் முடிஞ்ச மொத வெள்ளி, எல்லாரும் கூடி அந்த வரியப் பாடியிருக்காக. கொறச்சுக் கொறச்சு... மூச்சோட மூச்சா... நிறுத்திட்டாக. சும்மா உக்காந்திருக்காக. கடியாரம். பல்லி. எங்கயோ ஒரு லாரி கீர் மாத்துது...

ஸ்ஸ்ஸ்...

ஈரத் திரி பத்துற மாதிரி. விட்டு விட்டு. சர்ச்சுல அருளாயி எப்பவும் கால நீட்டி உக்காருற மூலையில இருந்து.

அடுத்த நிமிசம் சர்ச்சு காலி. வெளிய நின்னு எட்டிப் பாத்தா, ஒண்ணும் வெடிக்கல. உபதேசியாரு தங்கச்சாமி, அவருதான் அந்தச் சர்ச்சப் பாத்துக்கிறவரு, டார்ச்ச அடிச்சு மூல முடுக்கெல்லாம் பாத்தாரு. ஒண்ணுமே இல்ல. வாடை மட்டும் இருந்துச்சாம். கந்தகம்... அதுக்கு அடியில கருகுன முடி.

மறு வெள்ளியும் அப்படித்தான். பாடும்போது ஒண்ணும் இல்ல. சும்மா இருக்கும்போதுதான் வருது. மூணாவது வெள்ளி, ஓடும்போது ரோஜா சட்டத்த மீறித் திரும்பிப் பாத்துட்டா. மூலையில, தரைக்கு மேல, ஒரு கை நீண்டுக்கிட்டு இருந்துச்சாம். மணிக்கட்டு வரைக்கும் வெள்ளி. மருந்துல கலக்குற அலுமினியப் பவுடரு அப்புன வெள்ளி. வெரலு அஞ்சும் விரிஞ்சு... யாரோ புடிப்பாகன்னு காத்துக்கிட்டு இருக்கிற மாதிரி.

பானு, ஏட்டி, நெருங்கி உக்காரு, ஆனா என் சேலையப் புடிச்சு இழுக்காத. நைஞ்ச சேல.

உபதேசியாரு பயந்துட்டாரு. நல்ல மனுசன்தான், குத்தம் சொல்ல மாட்டேன். பயம் யாரத்தான் விட்டுச்சு? சர்ச்சு முன்னால எல்லாரையும் கூட்டிச் சொன்னாரு: "இனிமே இந்தச் சும்மா இருக்கிற செபமே வேண்டாம். அமைதியா இருந்தாத்தான அது வருது? மைக்செட்டு போடுவோம், சத்தமாப் பாடுவோம். வர்ற ஞாயித்துக்கெழம வெளியூர்ல இருந்து ஒரு ஊழியக்காரரு வாராரு. எப்பேர்ப்பட்டதையும் வெரட்டி விட்டுருவாராம்."

சின்னத்தாய் கடைசியில நின்னவ. முன்னால வந்துட்டா.

"யார வெரட்டுவாரு?"

"அதத்தான் தாயி."

"அதுன்னு சொல்லாதீக அண்ணாச்சி. அவளுக்குப் பேரு இருக்கு. உங்க மக கல்யாணத்துக்கு ராப்பூரா ஒக்காந்து தேங்கா திருகுனாளே, அப்ப அவ அருளாயி. செத்ததும் அது ஆயிட்டாளா?"

"நீ வேதக்காரியே இல்ல. எங்க கோயில் காரியத்துல உனக்கென்ன பேச்சு?"

"அவ வேதக்காரி. நான் அவகூட வந்தவ. அது போதும் எனக்கு. ஒரு தடவ நான் ஓடுனேன். மூணு தடவ நீங்களும் சேந்து ஓடுனீக. இப்ப அவளையே ஓடச் சொல்லுதீகளா?" அவளுக்குக் கண்ணுல தண்ணி கொட்டுதாம், குரலு மட்டும் எறங்கல. "ஓடுறதுக்கு அவளுக்குக் காலு வராதுய்யா!"

சேல முந்தியில கண்ணத் தொடச்சா. அவளே சொன்னா, "ஞாயித்துக்கெழமைக்கு முன்னால ஒரு வெள்ளிக்கெழம இருக்கு. வாறவுக வாங்க. யாரும் வரலன்னாலும் நான் வருவேன்."

எல்லாரும் வந்தாக. அதுதான் ஆச்சரியம். அருளாயி புருசன் ராக்கப்பனும் வந்தாரு. உபதேசியாரும் வந்து வாசல்ல நின்னாரு. அந்த வெள்ளியத்தான் நான் மொதல்ல சொன்னேன்.

சின்னத்தாய் போயி அந்த மூலைக்குப் பக்கத்துலயே உக்காந்துட்டா. பாடுனாக. இருட்டுல இருக்கீரு... எங்க கிட்டத்துல இருக்கீரு... பாடிப் பாடிக் கொறச்சாக. நின்னுச்சு. கடியாரம் மட்டும் கேக்குது. யாரோ எச்சி முழுங்குறது கேக்குது. ரொம்ப நேரம் ஒண்ணுமே இல்ல...

ஸ்ஸ்ஸ்ஸ்...

இந்தத் தடவ விட்டு விட்டு இல்ல. ஒரே சீரா. நெருங்குற மாதிரி. அம்புட்டுப் பேரும் எந்திரிச்சு ஓட, சின்னத்தாய் காலும் ஓடுது! அவ பின்னால சொன்னாளாம்: "நான் ஓடணும்னு நெனைக்கவே இல்ல ரோஜா. காலு தானா எந்திரிச்சிருச்சு." வாசல் வரைக்கும் வந்துட்டா. எல்லாரும் தாண்டி வெளிய போயிட்டாக. வாசப்படியில வலது கால வைக்கப் போறா...

கை ரெண்டும் கதவப் புடிச்சிருச்சு. இழுத்துச் சாத்துனா. உள்பக்கமா. தாப்பாளையும் போட்டுட்டா.

நமக்கு அது எப்பேர்ப்பட்ட காரியம்னு தெரியும். கதவச் சாத்துறதா? திரி சத்தம் கேக்கும்போதா? இத்தன வருசம் வேல பாத்த ஒருத்தி அதச் செஞ்சிருக்கான்னா, அவ நெஞ்சு எப்படி அடிச்சிருக்கும்?

ரோடு வரைக்கும் ஓடுன கூட்டத்துல ரோஜாதான் திரும்புனா. அக்கா வரலையேன்னு கதவுல காத வச்சா. உள்ள சின்னத்தாய் அந்த மூலைக்குப் பக்கத்துல போயி உக்காருற சத்தம். பெறகு பாட்டு. பாட்டா அது? தொண்ட கம்மி, ஒடஞ்சு, சுதியே இல்லாம... "இருட்டுல இருக்கீரு..." ஸ்ஸ்ஸ்... "எங்க கிட்டத்துல..." ஸ்ஸ்ஸ்ஸ்... கதவிடுக்கு வழியா கந்தக வாடை குப்புன்னு வருது.

பாட்ட நிறுத்திட்டுத் திட்ட ஆரம்பிச்சாளாம். "வெடிச்சா வெடி! நான் போக மாட்டேன். யாரு சொன்னாலும் போக மாட்டேன். நீ எம்புட்டு நேரம் இருப்பியோ, நானும் இருப்பேன். இந்தா... கையப் புடிடி."

இனிமே நான் சொல்லுறது சின்னத்தாய் வாயால ரோஜாகிட்டச் சொன்னது. கைய நீட்டிக்கிட்டு இருந்திருக்கா. எம்புட்டு நேரம்னு தெரியல. அப்ப ஒரு கை வந்து இவ கையப் புடிச்சுச்சு. தோசக்கல்லு மாதிரி சுடுது. இவ விடல. தோலு பொசுங்குது. விடல. "எந்திரி"ன்னு இழுத்திருக்கா. காத்த இழுத்த மாதிரி இல்ல. ஒரு முழுப் பொம்பள கனம். தோள்பட்ட எறங்கிருச்சாம். பல்லக் கடிச்சுக்கிட்டு இழுத்திருக்கா...

டொக்.

அந்த முட்டிச் சத்தம். வெளிய நின்ன ரோஜாவுக்கும் கேட்டுச்சு.

அதோட திரிச் சத்தம் நின்னு போச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு உள்ள இருந்து அந்த வரி திரும்பக் கேட்டுச்சு, ரொம்ப மெதுவா. அதுக்குள்ள ராக்கப்பனும் கதவுக்கிட்ட வந்துட்டாரு. அவரு கேட்டுட்டு அப்படியே தரையில உக்காந்துட்டாரு. ஏன்னா, உள்ள பாடுறது ஒரு குரலு இல்ல.

தாப்பாளத் தொறந்துக்கிட்டு சின்னத்தாய் மட்டுந்தான் வெளிய வந்தா. வலது உள்ளங்கைய விரிச்சுக் காட்டுனா. பூரா வெள்ளி. அவ மருந்தத் தொட்டு ஒரு மாசம் ஆகப் போகுது. கம்பெனியே பூட்டிக் கெடக்கு. சோப்பு, சீயக்கா, மண்ணெண்ண... எதுக்கும் போகல. இன்னைக்கும் இருக்கு.

ஞாயித்துக்கெழம அந்த ஊழியக்காரரு காருல வந்து எறங்குனாரு. சின்னத்தாய் சர்ச்சு வாசல்ல குறுக்க உக்காந்திருந்தா. "உள்ள வெரட்டுற மாதிரி யாரும் இல்லீக. இருக்கிறது எங்க ஆளு. தண்ணி வேணும்னா குடிச்சிட்டுப் போங்க." உபதேசியாருதான் சொம்பு கொண்டாந்து குடுத்தாரு. மைக்செட்டும் வரல. வெள்ளிக்கெழம இருட்டுல அந்த ஒத்த வரி இன்னும் ஓடுது. சும்மா இருக்கிற நேரத்துல இப்ப கடியாரமும் பல்லியும்தான்.

இதுக்கே மூஞ்சி வெளுத்தா எப்படி? இன்னும் முடியல.

தை மாசம் கம்பெனியத் தொறந்தாக. இடிஞ்ச எடத்துலயே புது ரூமு, அதே நம்பரு. ஒருத்தியும் அந்த ரூமுக்குப் போக மாட்டேன்னுட்டா. சின்னத்தாய் போர்மேன்கிட்ட நேராப் போயி, "என்னைய அங்கன போடுங்க"ன்னு நின்னா. அக்காவத் தனியா விடக் கூடாதுன்னு ரோஜாவும் இந்தக் கம்பெனிய விட்டுட்டு அங்க போயிச் சேந்தா. இன்னும் ரெண்டு பேரு. ஆக நாலு.

ஒரு நாளு முன்னறிவிப்பு இல்லாம சர்க்காரு ஜீப்பு வந்துச்சு. ஆபீசரு வெயில்ல நின்னுக்கிட்டு ஒவ்வொரு ரூமா எட்டிப் பாத்து எண்ணிக்கிட்டே வாராரு. இந்த ரூமுக்கு நேரா வந்ததும் நின்னுட்டாரு. போர்மேனப் பாத்து ஒரே சத்தம்.

"என்னய்யா இது? நாலு பேர் ரூம்ல அஞ்சு பேர உக்கார வச்சிருக்கீங்க? அந்த மூலையில கால நீட்டி உக்காந்திருக்காங்களே, அந்தம்மா... எழுந்து வெளிய வாங்க."

ரோஜா கையில இருந்த பூச்சட்டியக் கீழ வச்சுட்டா. மத்த ரெண்டு பேரும் மூலையப் பாக்கக்கூட இல்ல. சின்னத்தாய் தல நிமிரல. மருந்த அடைச்சுக்கிட்டே சொன்னா.

"அவ இப்ப வர மாட்டா சார். நாங்க எந்திரிக்கும்போதுதான் எந்திரிப்பா. அவள விட்டுட்டு நாங்க போறதில்ல."

ஆபீசரு கிட்ட வந்து எண்ணுனாரு. நாலு. கண்ணாடியக் கழட்டித் தொடச்சுட்டு இன்னொரு தடவ எண்ணுனாரு. நாலுதான். நேராப் போயி ஜீப்புல ஏறிட்டாரு.

அன்னைக்குச் சாயங்காலம் சங்கு ஊதுனதும் சின்னத்தாய்தான் கடைசியா எந்திரிச்சிருக்கா. மூலையப் பாத்து வலது கைய நீட்டி, ஒரு இழு இழுத்துட்டு, வெளிய நடந்து போயிட்டா. ரூமக் கூட்டுறது ரோஜா மொற. தரையில விரிச்ச ரப்பர் ஷீட்டு பூரா வெள்ளித் தூசி. மூலையில மட்டும், ஒரு ஆளு கால நீட்டி உக்காந்த அளவுக்கு, தூசியே இல்ல. குனிஞ்சு அந்த எடத்தத் தொட்டுப் பாத்திருக்கா...

இப்பத்தான் யாரோ எந்திரிச்சுப் போன மாதிரி, அந்த எடம் மட்டும் சூடா இருந்துச்சாம்.